அரசமைப்புச் சட்டத்தில் மெயின் சுவிட்ச் எங்கே?

அரசு, அரசாங்கம், இறையாண்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். மறுவாரமே "நாடாளுமன்றத்தை அதிபர் கலைத்தார்" என்று ஒரு செய்தி வந்தால், அவர் அப்படிச் செய்யலாமா, கூடாதா, யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் விழிப்போம். பத்தொன்பது ஆண்டுகள் மாலை வகுப்பில் அரசியல் அறிவியல் கற்பித்தவள் நான். முதல் சில ஆண்டுகள் வரையறைகளைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவர்கள் பொறுமையாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்த மாலைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதை மாற்றியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மாணவர். வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவர். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து கேட்டார்: "டீச்சர், ஒரு கட்டடத்துக்குள் வேலைக்குப் போனால் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். எத்தனை விளக்கு, எத்தனை விசிறி என்பதெல்லாம் பிறகு. இந்தச் சட்டத்தில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?" அன்று என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் உருவானதுதான் கீழே சொல்லும் முறை. அடிப்படைக் கருத்துகளைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டத்தைச் சரியான வரிசையில் படித்தால் அவை தாமாகவே வந்து நிற்கும்.

மூன்று பொருள்கள் போதும். ஒரு அரசமைப்புச் சட்டத்தின் முழு வாசகம், ஒரு பென்சில், ஒரு பெரிய வெள்ளைத்தாள். வாசகம் சமீபத்திய திருத்தம் வரை சேர்க்கப்பட்டதா என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள். பழைய பிரதியை வைத்துப் படித்தால் செத்துப்போன பிரிவுகளோடு மல்லுக்கட்ட நேரிடும். முதல் முயற்சிக்கு உங்கள் சொந்த நாட்டை எடுக்காதீர்கள். தெரியும் என்ற நினைப்பிலேயே கண் வரிகளைத் தாண்டி ஓடிவிடும். 1949இல் எழுதப்பட்ட ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை நான் பரிந்துரைப்பேன். ஒரு பேரழிவிலிருந்து பாடம் கற்றவர்கள் எழுதியது அது. ஏன் எழுதினார்கள் என்பது பிரிவுக்குப் பிரிவு தெரியும்.

தொடங்குமுன் ஒரு சொல்லைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நம் செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் "அரசு" என்றே எழுதுகின்றன. அரசு என்பது நிலைத்த அமைப்பு: நிலப்பரப்பு, மக்கள், சட்டங்கள், நீதிமன்றங்கள், காவல்துறை, மற்ற நாடுகளோடு செய்த ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் அடங்கும். அரசாங்கம் என்பது அந்த அமைப்பை இப்போதைக்கு நடத்துகிறவர்கள். பெல்ஜியத்தில் 2010 ஜூனில் தேர்தல் நடந்தது. கட்சிகள் உடன்பட முடியாமல் புதிய அரசாங்கம் அமைய 541 நாட்கள் ஆயின. அதுவரை பழைய அமைச்சரவையே காபந்து அரசாங்கமாக நீடித்தது. வரி வசூலானது, தீர்ப்புகள் வந்தன. 2011இல் லிபியா மீதான நடவடிக்கைக்கு அந்நாட்டின் போர் விமானங்கள்கூடப் போயின. அரசாங்கம் ஊசலாடியது, அரசு அசையவில்லை. செய்தியில் "அரசு" என்று வரும் இடமெல்லாம், இது தேர்தலோடு மாறக்கூடியதா என்று கேளுங்கள். மாறும் என்றால் பென்சிலால் "அரசாங்கம்" என்று திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் செய்தால் பழகிவிடும்.

அந்த அரசுக்கு மட்டும் உள்ள தனிக்குணம் என்ன? ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1919இல் ஆற்றிய உரையில் சொன்ன விளக்கத்தைவிடக் கூர்மையானதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறையைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று வெற்றிகரமாக நிலைநாட்டும் அமைப்பே அரசு என்றார் அவர். ஒருவரைப் பூட்டி வைப்பது குற்றம். அதையே சிறைத்துறை செய்தால் சட்டம். அப்படிப்பட்ட உரிமையை யாரிடம், எந்த நிபந்தனையோடு ஒப்படைத்திருக்கிறோம் என்பதுதான் நாம் படிக்கப்போகும் புத்தகம்.

முகவுரையைத் தாண்டிப் போங்கள். அழகாக இருக்கும், எல்லா நாட்டிலும் அழகாகத்தான் இருக்கும். நேரே திருத்தும் முறையைச் சொல்லும் பிரிவைத் தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பகுதியில் இருக்கும். இந்தப் புத்தகத்தையே மாற்றும் சக்தி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் கையில்தான் இறுதி அதிகாரம். இறையாண்மை என்ற பெரிய சொல்லுக்குக் காகிதத்தில் முகவரி கேட்டால் அந்தப் பிரிவைத்தான் நான் காட்டுவேன். அமெரிக்காவில் காங்கிரசின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்க வேண்டும். 1789இல் முன்மொழியப்பட்ட ஒரு திருத்தம் 1992இல்தான் நிறைவேறியது. அதுதான் இருபத்தேழாவது, இன்றுவரை கடைசித் திருத்தம். ஜப்பானில் இரு அவைகளின் மூன்றில் இரண்டு பங்கோடு மக்கள் வாக்கெடுப்பும் தேவை. 1947இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் ஒரு முறைகூடத் திருத்தப்படவில்லை. பிரிட்டனில் இப்படி ஒரே புத்தகமே கிடையாது. நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை எந்தச் சட்டத்தையும் மாற்றலாம்.

அதே பிரிவில் "இதை மட்டும் தொடக் கூடாது" என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியின் 79ஆம் பிரிவு, மனித மாண்பையும் மக்களாட்சி, கூட்டாட்சி அடிப்படைகளையும் எந்தப் பெரும்பான்மையாலும் அழிக்க முடியாது என்கிறது. இந்தியாவில் சட்ட வாசகம் அப்படிச் சொல்லவில்லை. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்த ஏழாவது நீதிபதியின் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் கேட்பேன். ஒருவரும் பேசமாட்டார்கள்.

அடுத்தது மெயின் சுவிட்ச். நெருக்கடி நிலை பற்றிய பிரிவு. இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். நான்கு கேள்விகள்: யார் அறிவிக்கிறார்? யாரால் நிறுத்த முடியும்? எத்தனை நாள்? எந்த உரிமைகளை அப்போதும் பறிக்க முடியாது?

ஜெர்மனியில் 1919இன் வைமார் அரசமைப்புச் சட்டம் அந்தக் காலத்தின் மிக முற்போக்கான சட்டங்களில் ஒன்று. அதன் 48ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்குக் கடும் ஆபத்து என்றால் குடியரசுத் தலைவர் ஆணைகள் பிறப்பிக்கலாம், ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம் என்றது. தடுப்பும் இருந்தது: நாடாளுமன்றம் கேட்டால் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றாக வேண்டும். 48ஆம் பிரிவை மட்டும் படிப்பவருக்கு இது போதுமான பாதுகாப்பாகவே தெரியும். ஆனால் 25ஆம் பிரிவுக்குத் திரும்புங்கள். நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரமும் அதே தலைவரிடம்தான். 1930 ஜூலை 18 அன்று நாடாளுமன்றம் ஒரு நிதி ஆணையைத் திரும்பப் பெறச் சொல்லி வாக்களித்தது. அன்றே நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. எட்டு நாளில் ஆணை மறுபடியும் வந்தது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் நாஜிக் கட்சியின் இடங்கள் 12இலிருந்து 107 ஆக உயர்ந்தன. 1933 பிப்ரவரி 28 அன்று, நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்த மறுநாள், அதே 48ஆம் பிரிவின் கீழ் பேச்சு, எழுத்து, கூட்டம் கூடும் உரிமைகள் நிறுத்தப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆணை விலக்கப்படவே இல்லை.

எந்தத் தடையைப் பார்த்தாலும், அந்தத் தடையைப் போடுகிறவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று வேறொரு பிரிவில் தேடுங்கள். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுத்தர முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நல்ல எழுத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் 37ஆம் பிரிவைப் படியுங்கள். நெருக்கடி நிலை முதலில் 21 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. நீட்டிக்க நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும், ஒரு நீட்டிப்பு மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டாம் நீட்டிப்பிலிருந்து அறுபது சதவீத ஆதரவு வேண்டும். எந்த உரிமைகளைத் தொடக் கூடாது என்பதற்கு ஓர் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். இந்தியா பட்ட பிறகு திருத்திக்கொண்டது. 1975இல் "உள்நாட்டுக் குழப்பம்" என்ற தெளிவற்ற காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1978இன் 44ஆவது திருத்தம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று எழுதியது. அமைச்சரவையின் எழுத்துப்பூர்வ முடிவையும் கட்டாயமாக்கியது. ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுவேன்.

இப்போது வெள்ளைத்தாளை எடுங்கள். நாட்டுத் தலைவர், அரசாங்கத் தலைவர், நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், மக்கள் என்று ஐந்து வட்டங்கள் போடுங்கள். யார் யாரை அமர்த்துகிறார் என்பதற்கு ஒரு கோடு, யார் யாரை நீக்கலாம் என்பதற்கு அம்புக்குறி. கோடுகளைவிட அம்புகளே முக்கியம். கோட்டின் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். அம்பு பதவிக்காலம் முழுவதும் தலைக்கு மேல் நிற்கும். பக்கத்திலேயே பிரிவு எண்ணையும் எத்தனை பங்கு வாக்கு வேண்டும் என்பதையும் குறித்துவிடுங்கள்.

படம் முடிந்ததும் அது எந்த வகை ஆட்சி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. நாடாளுமன்றத்திலிருந்து அரசாங்கத் தலைவரை நோக்கிச் சாதாரணப் பெரும்பான்மை அம்பு பாய்ந்தால் நாடாளுமன்ற முறை. பாயாவிட்டால் அதிபர் முறை. அமெரிக்காவில் அதிபர் காங்கிரசைக் கலைக்க முடியாது. காங்கிரசும் கொள்கை பிடிக்கவில்லை என்று அதிபரை அனுப்ப முடியாது. கீழவை குற்றம் சாட்டிய பின், மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். இன்றுவரை ஒரு அதிபரும் அந்த வழியில் நீக்கப்படவில்லை. பிரான்சில் இரண்டும் கலந்திருக்கும்: அவை பிரதமரை வீழ்த்தலாம், அதிபரோ அவையைக் கலைக்கலாம். 1962க்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் அங்கே ஒரு பிரதமர் அப்படி வீழ்ந்தார்.

ஜெர்மனியின் படத்தில் ஓர் அம்பு மட்டும் வினோதமாக இருக்கும். 67ஆம் பிரிவின்படி, அடுத்த அரசாங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமல், பதவியில் இருப்பவரை நாடாளுமன்றம் நீக்க முடியாது. வைமார் காலத்தில் எதிரெதிர்க் கட்சிகள் கவிழ்ப்பதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்தன, ஆளுவதற்குச் சேரவில்லை. அதற்கு மருந்து இது. 1972இல் முயன்று இரண்டு வாக்குகளில் தோற்றார்கள். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது மட்டுமே வெற்றிபெற்ற ஒரே முறை.

அதிகாரப் பிரிவினை என்பதை மூன்று தனித்தனி அறைகளாகப் பலர் கற்பனை செய்கிறார்கள். உங்கள் தாளைப் பாருங்கள், அறைகளா தெரிகின்றன? ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ 1748இல் எழுதியதன் சாரமும் அதுதான்: அதிகாரத்தை அதிகாரமே தடுத்து நிறுத்த வேண்டும்.

உரிமைகள் அத்தியாயத்துக்கு இப்போது வரலாம். இதை முதலிலேயே படித்தால் ஏமாந்துபோவோம். நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சோதனை வைப்பேன். இரண்டு பேச்சுரிமைப் பிரிவுகளை, நாட்டின் பெயரை மறைத்து, படித்துக் காட்டுவேன். ஒன்று, பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று வறட்டு மொழியில் சொல்லும். மற்றொன்று பேச்சு, பத்திரிகை, கூட்டம், ஊர்வலம் ஆகிய உரிமைகளைத் தந்து, அவற்றைப் பயன்படுத்த அச்சகமும் காகிதமும் கட்டடங்களும் தரப்படும் என்றே உறுதி கூறும். எதில் வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேருக்கு மேல் இரண்டாவதைச் சொல்வார்கள். முதலாவது அமெரிக்காவின் 1791ஆம் ஆண்டுத் திருத்தம். இரண்டாவது சோவியத் ஒன்றியத்தின் 1936ஆம் ஆண்டுச் சட்டம், 125ஆம் பிரிவு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்நாட்டின் ஆவணங்களே சொல்கின்றன.

பிரிவின் தலைவாசலிலேயே நிபந்தனை நிற்கிறது: "உழைக்கும் மக்களின் நலன்களுக்கு இணங்கவும், சோசலிச அமைப்பை வலுப்படுத்தவும்." நலன் எது என்று தீர்மானிப்பவர் யார்? அடுத்த பிரிவிலேயே ஒரே கட்சி எல்லா அமைப்புகளின் தலைமைக் கருவாக வைக்கப்படுகிறது. எனவே உரிமையைப் படிக்கும்போது பென்சிலை நிபந்தனையின் அடியில் வையுங்கள். "சட்டத்தில் கண்டவாறு", "பொதுநலன் கருதி" என்பன போன்ற சொற்கள் வந்தால் வட்டமிடுங்கள். வரம்பே இல்லாத உரிமை எங்கும் இல்லை. அந்த வரம்பு நியாயமானதுதானா என்று சோதிக்கும் பொறுப்பு சுதந்திரமான நீதிமன்றத்திடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இந்தியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போவதையே ஓர் அடிப்படை உரிமையாக ஆக்கியிருக்கிறது. இப்படி ஒரு வாசல் இல்லாத உரிமைப் பட்டியலை நான் வாழ்த்து மடலாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

வினைமுற்றுகளையும் கவனியுங்கள். "வேண்டும்" என்றால் கடமை. "லாம்" என்றால் விருப்பம். "அவையைக் கூட்ட வேண்டும்" என்பதற்கும் "கூட்டலாம்" என்பதற்கும் இடையில் ஒரு நாடே தொலைந்துபோகலாம்.

கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்பதற்கு இரண்டே கேள்வி. பட்டியலில் எழுதப்படாத எஞ்சிய அதிகாரம் யாருக்கு? அமெரிக்காவில் மாநிலங்களுக்கும் மக்களுக்கும், இந்தியாவில் மத்திக்கு. ஒரு மாநிலத்தின் எல்லையை அதன் சம்மதம் இல்லாமல் மாற்றலாமா? அமெரிக்காவில் முடியாது. இந்தியாவில் 3ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, புத்தகத்தில் இல்லாததைத் தேடுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. ஆறில் தொடங்கி, 1869 முதல் ஒன்பது. சாதாரணச் சட்டத்தால் மாற்றக்கூடிய எண் அது. வாக்குகளை இடங்களாக மாற்றும் தேர்தல் முறையும் பல நாடுகளில் சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஆட்சியையே தீர்மானிக்கிறது. 2015 பிரிட்டன் தேர்தலில் 12.6 சதவீத வாக்கு வாங்கிய கட்சிக்கு ஓர் இடம், 4.7 சதவீதம் வாங்கிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 56 இடங்கள். வாக்குகள் நாடெங்கும் சிதறினால் வீண், ஒரே பகுதியில் குவிந்தால் பலன். நியூசிலாந்தில் 1978, 1981 என்று அடுத்தடுத்து இரு தேர்தல்களில் அதிக வாக்கு வாங்கிய கட்சி தோற்றது. 1993இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 1996 முதல் விகிதாசார முறைக்கு மாறினார்கள்.

மரபுகளும் அப்படித்தான். இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருப்பதில்லை என்ற வழக்கம் அமெரிக்காவில் எழுதப்படாமலே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் நின்றது. 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை வென்ற பிறகு, 1951இல் எழுதி வைத்தார்கள். தாளின் ஓரத்தில் "எழுதப்படாதவை" என்று ஒரு கட்டம் போட்டு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் ஒரு நாட்டைப் படித்து முடிக்க நான்கு மாலைகள் ஆகும். முடித்த பிறகு ஒரு பயிற்சி. இலங்கையின் அரசமைப்புச் சட்டத்தில், 2015இன் 19ஆவது திருத்தத்துக்குப் பின் இருந்த வாசகத்தை எடுங்கள். 33ஆம் பிரிவில் சனாதிபதியின் அதிகாரங்கள் வரிசையாக இருக்கும்: நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, ஒத்திவைப்பது, கலைப்பது. 70ஆம் பிரிவு, நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் கேட்டாலொழிய, முதல் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியும்வரை கலைக்கக் கூடாது என்கிறது. 2015 செப்டம்பர் 1 அன்று கூடிய நாடாளுமன்றம் 2018 நவம்பர் 9 அன்று கலைக்கப்பட்டது. 33ஆம் பிரிவு தனியாக நிற்கும் அதிகாரம் என்பது ஒரு தரப்பின் வாதம். இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தீர்ப்பைப் பார்க்காமல், உங்கள் முடிவையும் காரணத்தையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கள் வகுப்பில் அந்த வயரிங் மாணவர் எழுதியது ஒரே வரி: "பொதுவாகக் கொடுத்த சாவிக்கு, எந்த நேரத்தில் திறக்கலாம் என்று தனியாக எழுதி வைத்திருந்தால், அந்த நேரத்தில்தான் திறக்க வேண்டும்." 2018 டிசம்பர் 13 அன்று இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள்.